லிப்ரே 2 சென்சார்: எண்ணைவிட அம்பு முக்கியம், அம்பைவிட போன் செட்டிங் முக்கியம்

குளுக்கோமீட்டர் 110 காட்டுகிறது. இலை போட்டாயிற்று. இன்சுலின் எத்தனை யூனிட்? 180-இலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் 110 என்றால், வழக்கமாகப் போடும் அளவே அரை மணியில் கையை நடுங்க வைத்துவிடும். 80-இலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் 110 என்றால் அதே அளவு போதாது. விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கையில் ஒட்டியபடி இடைவிடாமல் சர்க்கரையை அளக்கும் அபாட் நிறுவனத்தின் ஃபிரீஸ்டைல் லிப்ரே 2 சென்சாருக்குத் தெரியும். எண்ணுக்குப் பக்கத்திலேயே ஓர் அம்பு போட்டுக் காட்டும். டைப் 1 நீரிழிவு உள்ளவர் கொடுக்கும் காசில் பாதி அந்த அம்புக்கு. மீதிப் பாதி, நடுராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும் அலாரத்துக்கு. எண்ணெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு சிக்கல்: அலாரம் அடிப்பது கையில் ஒட்டியிருக்கும் சென்சார் இல்லை, உங்கள் போன். இந்த மொத்த ஏற்பாட்டில் சீக்கிரம் காலை வாருவது எது என்று கேட்டால் போனைத்தான் சொல்ல வேண்டும். அதனால் இந்த மதிப்புரையில் போனைப் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகமாகவே வரும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

35 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரத்தில் ஒரு வெள்ளை வட்டு. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. அதன் அடியில் வளையக்கூடிய ஒரு மெல்லிய இழை. தோலுக்குள் சுமார் 5 மி.மீ. போய் உட்காரும். அது ரத்தக் குழாயைத் தொடாது. செல்களுக்கு இடையே ஊறியிருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸ், இழையில் பூசியிருக்கும் நொதியோடு வினைபுரியும்போது ஒரு நுண்ணிய மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் சென்சார் எண்ணாக மாற்றுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கும், 14 நாள் ஓடும், கடைசி எட்டு மணி நேரக் கணக்கைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். விரல் குத்திக் காட்டிச் சரிப்படுத்தும் வேலை கிடையாது. தொழிற்சாலையிலேயே சரிப்படுத்தி அனுப்புகிறார்கள்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முதல் தலைமுறை லிப்ரேயில் போனை அருகில் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால்தான் எண் வரும், அலாரம் கிடையாது. ஐரோப்பாவில் 2018-இலும் அமெரிக்காவில் 2020-இலும் அனுமதி பெற்ற லிப்ரே 2-இல்தான் புளூடூத் வழி அலாரம் வந்தது. அதற்குப் பின் வந்த 2 பிளஸ் 15 நாள் ஓடும். டைப் 2 உள்ளவர் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க முதல் தலைமுறையே போதும். டைப் 1-க்கு அலாரம் இல்லாத சென்சார் வாங்குவது, ஸ்டெப்னி இல்லாமல் ராத்திரிப் பயணம் கிளம்புவது போல. கொஞ்சம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இங்கே இன்னொரு வலை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் நாலு சென்சாரைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது நம் குடும்பங்களில் சகஜம். லிப்ரே செயலி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் வாங்கிய லிப்ரே 2-ஐ ஐரோப்பியச் செயலி ஏற்காது. கொண்டுவரச் சொல்வதற்கு முன், உங்கள் போனில் உள்ள செயலி அந்த நாட்டுச் சென்சாரை எடுத்துக்கொள்ளுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அளவும் மாறும். நம் ஊரில் மி.கி./டெ.லி.; லண்டனிலும் டொராண்டோவிலும் மில்லிமோல். 5.5 என்று பார்த்துப் பதறாதீர்கள். 18-ஆல் பெருக்கினால் 99.

இனி காசு. ஆண்டுக்கு 26 சென்சார் வேண்டும். ஒன்று ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,30,000 ரூபாய். நாளொன்றுக்கு 357 ரூபாய். ஒரு ஸ்ட்ரிப் 20 ரூபாய் என்று கணக்கிட்டு, நாளுக்கு ஆறு முறை விரல் குத்தினால் 120 ரூபாய்தான். இங்கிலாந்தில் டைப் 1 உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தொடர் அளவீட்டுக் கருவி தர வேண்டும் என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 மார்ச்சில் பரிந்துரைத்தது. அங்கே அரசு மருத்துவத்தின் வழியாகவே கிடைக்கிறது. இங்கே பெரும்பாலோருக்குக் கைக்காசு. ஆண்டு முழுவதும் முடியாதவர்கள், டாக்டரைப் பார்க்கப் போவதற்கு 15 நாள் முன்னால் ஒன்று என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டாலும் பலன் உண்டு. சர்க்கரையின் போக்கைக் கணிக்க 14 நாள் தரவு, அதிலும் 70 சதவீதம் பதிவாகியிருந்தால் போதும் என்பது 2019-இல் பன்னாட்டு நிபுணர்கள் எடுத்த முடிவு. ஆனால் லோ ஆவதே, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவதே உடம்புக்குத் தெரியாதவர்கள், சொல்லத் தெரியாத குழந்தைகள் இந்த இரு சாராருக்கும் விட்டு விட்டுப் போடும் யோசனை சரிப்படாது.

ஒட்டுவது

முதலில் போனில் என்எஃப்சி, அதாவது அருகில் வைத்தாலே தகவலைப் படிக்கும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். சென்சாரை ஆரம்பித்து வைக்க அது கட்டாயம். பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அது இருக்காது. சென்சாரைப் பிரித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை. செட்டிங்கில் தேடி, கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இடம், மேல்கையின் பின்பக்கம். தழும்பு, மச்சம், இன்சுலின் போட்டுப் போட்டுக் கட்டிதட்டிய இடம் வேண்டாம். ஊசி போடும் இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளியிருக்கட்டும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர் இடக்கையில் ஒட்டுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிடுங்கள். இந்தக் காயவிடும் இரண்டு நிமிடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மூன்றாம் நாள் ஓரம் பிரிவதற்கு அதுவே காரணம். எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்கள் சென்சார் ஒட்டும் நாளையும் எண்ணெய் தேய்க்கும் நாளையும் பிரித்து வையுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு எல்லாம் பசைக்கு எதிரி. ஒட்டிய பிறகும் அந்தக் கைக்கு எண்ணெய் வேண்டாம்.

சென்சார் பேக், அப்ளிகேட்டர் என்று இரண்டு துண்டு இருக்கும். இரண்டிலும் அச்சிட்ட எண் ஒன்றாக இருக்க வேண்டும்; இரண்டு பெட்டியை ஒரே நேரத்தில் பிரித்தால் கலந்துவிடும். கறுப்புக் கோடுகளை நேர்கோட்டில் வைத்து, மேசை மேல் அழுத்தினால் சென்சார் அப்ளிகேட்டருக்குள் ஏறிக்கொள்ளும். இப்போது உள்ளே ஊசி நிற்கிறது, விரலை விடாதீர்கள். கையில் வைத்து, தயங்காமல் ஒரே அழுத்து. டக் என்ற சத்தம் வந்ததும் ஓரிரு நொடி அப்படியே பிடித்திருந்து, மெதுவாக எடுங்கள். ஊசி அப்ளிகேட்டரோடு வந்துவிடும். இழை மட்டும் உள்ளே தங்கும். அரைகுறையாக அழுத்தினால் இழை வளைந்து மேலேயே நின்றுவிடும். அந்தச் சென்சார் பிழைக்காது. துளி ரத்தம் கசிந்தால் பயமில்லை. நிற்காமல் வந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

குளிக்கலாம். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வரை தாங்கும் என்பது அளவு. கிணற்றில் குதிப்பது அந்தக் கணக்கில் வராது. கதவு நிலையில் இடித்துக்கொள்வதும் பிளவுஸ், பிரா பட்டி கழற்றும்போது மாட்டுவதும்தான் சென்சார் பிய்ந்து வரப் பெரிய காரணங்கள். மேலே ஒட்டும் பிளாஸ்டர் போட்டால் நடுவில் இருக்கும் சின்னத் துளையை மூடிவிடாதீர்கள்.

போனைச் செயலியோடு திறந்து சென்சார் மேல் வைத்தால் ஒரு மணி நேரக் காத்திருப்பு ஆரம்பிக்கும். என்எஃப்சி ஆண்டெனா பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுவில் அல்லது கேமராவுக்குக் கீழே. ஐபோனில் மேல் விளிம்பில். சட்டைக்கு மேலேயே பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் முதலில் போன் உறையைக் கழற்றிப் பாருங்கள். காந்தம், இரும்பு வளையம் உள்ள உறைகள் தடுக்கும். எண்ணைக் காட்டும் தனி ரீடர் கருவியும் வைத்திருப்பவர்கள் ரீடரில் ஆரம்பித்து, அந்த ஒரு மணி நேரத்துக்குள் போனிலும் ஸ்கேன் செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் ரீடர் அந்தச் சென்சாரை ஏற்காது. ரீடரில் ஆரம்பித்தால் லிப்ரே 2-இன் அலாரம் ரீடரில்தான் அடிக்கும், போனில் அடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் 24 மணி நேரம் எண்கள் கொஞ்சம் தள்ளாடும், பெரும்பாலும் குறைத்துக் காட்டும். இழை குத்திய இடத்தில் ஏற்பட்ட சின்னக் காயம் ஆற நேரம் வேண்டும். பழைய சென்சார் முடிவதற்கு முந்தைய மாலையே புதியதை மறு கையில் ஒட்டி, மறுநாள் பழையது முடிந்ததும் ஆரம்பித்து வைப்பது பழகியவர்களின் உத்தி. 14 நாள் கணக்கு ஆரம்பித்து வைத்த நேரத்திலிருந்துதான் ஓடும் என்பதால் நஷ்டம் இல்லை. கம்பெனியின் கையேட்டில் இது கிடையாது. ஆனாலும் முதல் நாள் தொல்லை பாதியாகக் குறையும்.

அலாரம் அடிக்காமல் போவது எப்படி

பேட்டரியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று ஆண்ட்ராய்டு போன்கள் பின்னால் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடும். வாட்ஸ்அப் தூங்கினால் குட் மார்னிங் தாமதமாக வரும், அவ்வளவுதான். லிப்ரே தூங்கினால் ராத்திரி 50-க்குப் போனது காலையில்தான் தெரியும்.

செட்டிங்கில் லிப்ரே செயலிக்கு பேட்டரி கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். டூ நாட் டிஸ்டர்ப் நிலையிலும் ஒலிக்க அனுமதி கொடுங்கள். அருகிலுள்ள சாதனங்கள், இருப்பிடம், அறிவிப்பு இந்த மூன்று அனுமதியும் வேண்டும். புளூடூத்தை அணைக்காதீர்கள். சமீபத்திய செயலிகள் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடும் கைப்பழக்கம் உள்ளவர்கள் இதை மட்டும் விட்டுவையுங்கள்; முடிந்தால் பூட்டி வையுங்கள். போன் தானாகவே அப்டேட் ஆவதை நிறுத்துங்கள், புதிய இயங்குதளத்தோடு செயலி ஒத்துப்போகாத நாட்கள் வரும். சென்சார் ஓடும்போது செயலியை அழித்துத் திரும்பப் போடாதீர்கள். படுக்கும்போது இயர்போன், புளூடூத் ஸ்பீக்கர் இணைப்பைத் துண்டியுங்கள். ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரில் அலாரம் அடித்து என்ன பயன்?

இவ்வளவும் செய்துவிட்டு நம்பிவிடாதீர்கள், சோதியுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து சர்க்கரை 150 இருக்கும்போது, ஏறினால் அடிக்கும் ஹை அலாரத்தை 120 என்று வையுங்கள். போனை சைலண்டில் போட்டு, திரையைப் பூட்டி, பத்தடி தள்ளி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். சில நிமிடத்தில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லையா, ராத்திரியும் அடிக்காது. போன் மாற்றினாலும், இயங்குதளம் அப்டேட் ஆனாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

சென்சாருக்கும் போனுக்கும் நடுவே அதிகபட்சம் 6 மீட்டர், அதுவும் சுவர் குறுக்கிடாமல். 20 நிமிடம் தொடர்பு அற்றுப்போனால் சிக்னல் இழப்பு அலாரம் அடிக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று பலரும் முதலில் அணைப்பது இதைத்தான். அணைத்தால், மற்ற இரண்டு அலாரமும் வேலை செய்கிறதா என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும்.

லோ அலாரம் 60 முதல் 100 வரை வைக்கலாம், பெட்டியிலிருந்து வரும்போது 70. அது தாமதம். வேகமாக இறங்கும்போது சென்சார் 70 காட்டும் நேரத்தில் ரத்தத்தில் 60-க்குக் கீழே போயிருக்கலாம். 80 நல்ல எண். ஹை அலாரத்தை எல்லோரும் ஆசையாக 180-இல் வைக்கிறார்கள். நாளுக்குப் பத்து முறை அடித்து, மூன்றாம் நாள் அணைத்துவிடுகிறார்கள். 250-இல் ஆரம்பித்து, கட்டுப்பாடு வர வர இறக்குங்கள்.

அம்பு

பக்கவாட்டில் இருந்தால் நிமிடத்துக்கு 1 மி.கி.-க்கும் குறைவான மாற்றம். சாய்ந்திருந்தால் 1 முதல் 2. நேராக மேலோ கீழோ இருந்தால் 2-க்கு மேல். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். 110, அம்பு சாய்ந்து கீழே. இதே வேகத்தில் போனால் அரை மணியில் 50-க்கும் 80-க்கும் நடுவே எங்கோ இருப்பீர்கள். முதலில் சாப்பிட ஆரம்பியுங்கள், பிறகு ஊசி. அளவைக் குறைப்பதா என்பதை உங்கள் டாக்டரோடு முன்கூட்டியே பேசி, அம்புக்கு இத்தனை யூனிட் என்று ஒரு சின்னப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பசியில் நிற்கும்போது கணக்கு வராது.

அம்பைவிடக் கோடு இன்னும் நிறையச் சொல்லும். ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். 7.30 மணிக்கு 128, அம்பு பக்கவாட்டில். நாலு இட்லி, சட்னி. இட்லியின் அளவைப் பொறுத்து 35 முதல் 45 கிராம் மாவுச்சத்து. வேக இன்சுலினைப் போட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தாயிற்று. 8.30-க்கு 236, நேராக மேலே. 10-க்கு 190, சாய்ந்து கீழே. 11.30-க்கு 125, பக்கவாட்டில். இதில் இன்சுலின் அளவில் தவறே இல்லை. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. நேரம்தான் தவறு. இட்லி மாவு பத்து நிமிடத்திலேயே சர்க்கரையாக ஆரம்பித்துவிட்டது, இன்சுலின் மெதுவாகத்தான் கிளம்பியது. ஊசிக்கும் முதல் இட்லிக்கும் நடுவே 15 முதல் 20 நிமிடம் விட்டால் அந்த 236 பெரும்பாலும் 180-க்குப் பக்கத்தில் அடங்கும். 11.30-க்கும் 220-இலேயே நின்றிருந்தால்தான் யூனிட் போதவில்லை என்று அர்த்தம். சாதாரண ரெகுலர் இன்சுலின் போடுபவர்களுக்கு இடைவெளி அரை மணி. அதன் உச்சமும் 2 முதல் 4 மணி நேரத்தில் என்பதால் கோடே வேறு மாதிரி இருக்கும்.

8.30-க்கு 236-ஐப் பார்த்துப் பதறி இன்னொரு நாலு யூனிட் போட்டவர் 11 மணிக்கு 55-இல் இருப்பார். சென்சார் வாங்கிய முதல் மாதத்தில் லோ குறைவதற்குப் பதில் கூடுகிறது என்று சிலர் புலம்புவது இதனால்தான். முதல் ஊசி உடம்பில் நாலு மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். அதற்கு மேல் இன்னொன்றை அடுக்குவதில் ஆபத்து இருக்கிறது. கருவி கண்ணைத் திறந்துவிடும், கையைக் கட்டுவது நம் பொறுப்பு.

பிரியாணி, புரோட்டா சால்னா வேறு ரகம். இரண்டு மணி நேரம் வரை கோடு நல்ல பிள்ளையாகப் போய், மூன்றாவது, நாலாவது மணியில் எழும். கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்துகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவற்றைச் சாப்பிட்டால் அந்த ஏற்றம் தூக்கத்தில் வரும்.

பொய் லோ

ராத்திரி 2.40. அலாரம். போனில் 54. எழுந்து ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பதற்கு முன் கோட்டின் வடிவத்தைப் பத்து வினாடி பாருங்கள். 118-இல் சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிணற்றில் விழுந்தது போல இறங்கி, அடியில் தட்டையாக நிற்கிறதா? சென்சார் மேல் படுத்திருக்கிறீர்கள். உடம்பின் எடை அந்த இடத்துத் திரவத்தை அழுத்திவிட, இழைக்குக் குளுக்கோஸ் வந்து சேரவில்லை. புரண்டு படுத்தால் கால் மணி நேரத்தில் கோடு பழைய இடத்துக்கே வந்துவிடும். நிஜமான லோ பொதுவாகச் சரிவாக இறங்கும். படுக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் ஒட்டச் சொன்னது இதற்காகத்தான்.

வடிவத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியவில்லை என்றால் விரலைக் குத்திப் பாருங்கள். வியர்வை, படபடப்பு, குழப்பம் ஏதாவது இருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம், முதலில் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள், சென்சாரில் பார்க்காதீர்கள். திரவத்துக்கும் ரத்தத்துக்கும் ஐந்து முதல் பத்து நிமிட இடைவெளி உண்டு. வேகமாக மாறும்போது கூடத் தெரியும். மீட்டரில் 90 வந்த பிறகும் சென்சார் 62 என்று சாதிக்கும். அதை நம்பி இரண்டாவது, மூன்றாவது டம்ளர் குடித்தவர் விடியற்காலை 300-இல் எழுந்திருப்பார்.

மீட்டரோடு ஒத்துப்போகவில்லை என்பது சென்சார் மீதான பொதுவான புகார். லிப்ரே 2-இன் சராசரிப் பிழை ஏறக்குறைய 9 சதவீதம். 200 இருக்கும்போது 182 அல்லது 218 காட்டினால் அது சென்சார் கெட்டதன் அடையாளம் இல்லை. மீட்டரும் அரிச்சந்திரன் கிடையாது. மீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 15197-இன்படி 100-க்குக் கீழே 15 மி.கி. வரையும், 100-க்கு மேல் 15 சதவீதம் வரையும் மீட்டர் தள்ளிப்போகலாம். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் அது 300-கூடக் காட்டும். ஒப்பிடுவதானால் அம்பு பக்கவாட்டில் இருக்கும்போது, கை கழுவி, காய்ந்த விரலில் ஒப்பிடுங்கள். அப்போதும் நாள் முழுக்க 40, 50 என்று ஒரே பக்கம் தள்ளியிருந்தால் சென்சாரைக் கழற்றலாம். கழற்றியதையும் பெட்டியையும் எறியாதீர்கள். மாற்றிக் கேட்கும்போது வரிசை எண் கேட்பார்கள்.

வைட்டமின் சி மாத்திரை நாளுக்கு 500 மி.கி.-க்கு மேல் எடுத்தால் சென்சார் கூட்டிக் காட்டும். சளி பிடித்தால் சப்பும் ஆரஞ்சு நிற மாத்திரைகளில் ஒன்றே 500 மி.கி. இருக்கும். இல்லாத ஹைக்கு இன்சுலின் போடுவதும், இருக்கும் லோ மறைந்துபோவதும் இதன் விளைவு. நெல்லிக்காய் ஜூஸ்காரர்களும் கவனிக்கலாம்.

அம்மாவின் போனில்

லிப்ரேலிங்க்அப் என்ற துணைச் செயலி வழியாக 20 பேர் வரை ஒருவரின் எண்ணைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்கு இது பெரிய விஷயம். குழந்தையின் போன் குழந்தையின் பையில், இணையத்தோடு, ஆறு மீட்டருக்குள் இருந்தால்தான் அம்மாவின் போனுக்குத் தகவல் போகும். போனுக்குத் தடை உள்ள பள்ளியில் டாக்டரின் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். சிம் போட்ட பழைய போன், விளையாட்டு எதுவும் இல்லாமல், வகுப்பாசிரியர் மேசையில் இருந்தால் போதும் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் எண்ணை ஆறு உறவினர் பார்ப்பது வேறு கதை. அத்தையிடமிருந்து "என்ன சாப்பிட்டே?" என்று போன் வர ஆரம்பித்த வாரத்திலேயே பிள்ளை சென்சாரைக் கழற்றி வைத்துவிடும்.

தொலைவிலிருந்து பார்க்கும் யோசனையைக் கம்பெனிகளுக்கு முன்பே செய்து காட்டியவர்கள் பெற்றோர்கள்தான். அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளர் தன் சிறுவயது மகனின் டெக்ஸ்காம் என்ற இதே போன்ற சென்சார் கருவியிலிருந்து எண்களை இணையத்துக்கு ஏற்றியது 2013-இல். அதிலிருந்து வளர்ந்ததுதான், சென்சார் எண்களை இணையத்தில் பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் மென்பொருள். அதே வழியில் வந்த எக்ஸ்டிரிப் என்ற இலவச ஆண்ட்ராய்டு செயலி, அலாரத்தை நேரத்துக்கு ஒரு மாதிரி அமைக்கவும், கைக்கடிகாரத்தில் எண்ணைக் காட்டவும் உதவும். அலாரம் இல்லாத முதல் தலைமுறை லிப்ரே மேல் மியாவ்மியாவ் போன்ற சின்ன டிரான்ஸ்மிட்டரை ஒட்டி அதோடு இணைப்பவர்களும் உண்டு. வேலை செய்கிறது. ஆனால் எந்த மருத்துவக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதைப் பரிசோதித்து அனுமதித்ததில்லை. நோண்டத் தெரிந்தவர்களுக்கான வேலை.

ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் "ஊசியில்லாமல் சுகர் பார்க்கும்" கைக்கடிகாரம், மோதிரம் பற்றிய கேள்வி தவறாமல் வருகிறது. தோலைத் துளைக்காமல் தானே குளுக்கோஸ் அளக்கும் கடிகாரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவற்றை வைத்து இன்சுலின் போடாதீர்கள். சென்சாரின் எண்ணை வாங்கிக் காட்டும் கடிகாரம் வேறு, தானே அளப்பதாகச் சொல்லும் கடிகாரம் வேறு.

டாக்டரிடம் போகும்போது

14 நாள் அறிக்கையை பிடிஎஃப் ஆக எடுத்துப் போங்கள். முதலில் பார்க்க வேண்டியது, 70-க்கும் 180-க்கும் நடுவே எத்தனை சதவீத நேரம் என்பது. பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு 70 சதவீதத்துக்கு மேல். 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், 54-க்குக் கீழே 1 சதவீதத்துக்குள். 4 சதவீதம் என்றால் நாளுக்கு ஒரு மணி நேரம். சராசரியை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். 50-க்கும் 260-க்கும் ஊஞ்சலாடுபவரின் சராசரியும் 154 வரும், கணக்குப் போட்ட எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு) 7 என்று அழகாகத் தெரியும்.

சென்சார் பார்க்காத ஒன்று கீட்டோன், இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலம். காய்ச்சல், வாந்தி நாட்களில் எண் 250-க்கு மேல் நின்றால் சிறுநீர் கீட்டோன் ஸ்டிரிப்பில் பாருங்கள். சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை நிறுத்தாதீர்கள். கீட்டோன் இருந்தால் உடனே டாக்டர். திரையில் எண்ணுக்குப் பதில் 'ஹெச்ஐ' என்று வந்தால் 500-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். 'எல்ஓ' என்றால் 40-க்குக் கீழே. ஆக, இவ்வளவு செலவழித்த பிறகும் பையில் மீட்டர், பத்து ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பொட்டலம், கீட்டோன் ஸ்ட்ரிப் இருக்கத்தான் வேண்டும்.

சிலருக்குப் பசை ஒத்துக்கொள்ளாது. லிப்ரேயின் ஆரம்ப கால சென்சார்களில் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற ரசாயனம் ஒவ்வாமை உண்டாக்குவது தெரியவந்து, பின்னர் பசையை மாற்றினார்கள். இப்போதும் வட்டமாகச் சிவந்து, கொப்புளம், நீர் வைத்தல் என்று போனால் சகித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். தோல் டாக்டரைப் பாருங்கள். லேசான அரிப்பு மட்டும் என்றால் ஒவ்வொரு முறையும் கையை மாற்றினாலே அடங்கும். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் இருந்தால் அந்த மாடலின் கையேடு என்ன சொல்கிறதோ அப்படி. கழற்றச் சொன்னால், கழற்றியதைத் திரும்ப ஒட்ட முடியாது; ஸ்கேன் தேதியைப் பார்த்துப் புதியதை ஒட்டுங்கள்.

பதினான்காம் நாள் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்க வேண்டாம். இத்தனை நாள் விலக்கி வைத்த தேங்காய் எண்ணெய்க்கு இப்போதுதான் வேலை. ஓரம் முழுக்கத் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒரு பக்கமிருந்து மெல்ல உரித்தால் வலிக்காமல் வந்துவிடும். அடியில் இழை முழுசாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது மறு கையில்; அந்தக் கையை எண்ணெய்ப் பிசுக்கோடு தொடாதீர்கள்.